ஆப்பம், அப்போம், அப்பெம்

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து அந்தச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வார்ப்பிரும்பு. அவர் எதிர்பார்த்ததைவிடக் கனம் கூட. எக்ஸ்ரே திரையில் அது எப்படித் தெரிந்ததோ, இன்னும் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

"என்ன இது?" என்று மலாயில் கேட்டார்.

"ஆப்பச்சட்டி."

அவருக்குப் புரியவில்லை. சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்புவதுபோல் கையால் காட்டினேன்.

"ஓ, அப்போம்," என்றார். "முட்டையா, தேங்காய்ப் பாலா?"

"இரண்டும்."

"என் மாமியார் சுடுவது ஓடு மாதிரி இருக்கும்," என்று சொல்லிச் சட்டியைப் பையில் வைத்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். பையில் வேறு என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் சுமை இறக்குகிறேன். முதலாளியின் ஒன்றுவிட்ட அக்கா செல்வி பினாங்கில் ஆப்பக்கடை வைத்திருக்கிறார். நல்ல சட்டி வேண்டுமென்று அவர் கேட்க, முதலாளி ஒன்றைப் பார்சலில் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தபோது இரண்டு துண்டு. வார்ப்பிரும்பு பார்க்கத்தான் முரடு, விழுந்தால் கண்ணாடி. ஆள் கையில் கொடுத்து அனுப்புவதுதான் சரி என்று முடிவாயிற்று. கடையில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனதில் பாஸ்போர்ட் மட்டும் நன்றாகப் படித்திருக்கிறது. இதே மலேசியாவில், கிள்ளானில் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவியதில் எனக்குக் கடைத்தெரு மலாயும் வரும். அந்தக் கடையைப் பூட்டிவிட்டு முதலாளி காணாமல் போனதில் கடைசிச் சம்பளம் வரவில்லை, மொழி மட்டும் மிச்சம்.

பேருந்தில் ஓட்டுநர் சில்லறை திருப்பித் தரமாட்டார் என்பதை மறந்திருந்தேன். பெரிய நோட்டை உண்டியலில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்தார். கடை இருந்த கெலுகோரில் எல்லா நிறுத்தமும் ஒரே மாதிரி இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், வந்த வழியே நடந்தேன். வெயிலுக்குச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடமாடும் இடம் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் தலை சுட ஆரம்பித்தது. இறக்கிவிட்டேன்.

செல்வி அக்காவின் கடை ஒரு மரத்தடியில், நீல நிறத் தார்ப்பாயின் கீழ் இருந்தது. பலகையில் மலாயில் 'அப்போம்' என்றும், கீழே தமிழில் 'ஆப்பம்' என்றும் எழுதியிருந்தது. காலைக் கடை. நான் போனபோது மூடுகிற நேரம். ஐம்பதைத் தாண்டியவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். என்னை உட்காரச் சொல்லும் முன் சட்டியை வாங்கி, கரண்டிக் காம்பால் தட்டி, காதருகே பிடித்துக் கேட்டார்.

"ஓச சரியா இருக்கு. கீறல் இல்ல. சாப்டியா தம்பி?"

வரிசையாக நான்கு அடுப்பு. மூன்றில் சட்டி இருந்தது. நான்காவது அடுப்பை ஒரு பிஸ்கட் டின் மூடியால் மூடியிருந்தார்கள். வேறு ஏதாவது சட்டியை வைத்துச் சமாளித்திருக்கலாமே என்று கேட்டேன். "அது பெரிய சட்டி அடுப்பு," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிச்சமிருந்த மாவில் எனக்கு இரண்டு ஊற்றினார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு. எங்கள் ஊரில் இதைவிடப் புளிப்பு கூட இருக்கும். இங்கே லேசான தித்திப்பு.

"தம்பி, பக்கத்துத் தண்ணிக் கடையில எனக்கு ஒரு தே ஓ சொல்லு," என்றார். தே ஓ என்றால் பால் சேர்க்காத தேநீர். "எனக்குன்னு சொல்லாத லா. உனக்குன்னு சொல்லு." பேச்சின் கடைசியில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கம்.

தண்ணிக் கடை என்றால் இங்கே டீக்கடை. பத்தடி தள்ளி இருந்தது. முதலாளி ஒரு சீனர். முக்காடு போட்ட ஒரு பெண் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சுமியாத்தி என்று பெயர், எல்லாருக்கும் சுமி. கிழக்கு ஜாவாக்காரர் என்று பிறகு தெரிந்தது. நான் மலாயில் எனக்கொரு தே ஓ என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

"அக்காவுக்குச் சீனி கம்மி. நீங்க கொண்டு போங்க."

அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டேதான் செல்வி அக்கா கதையைச் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

சுமி பல வருடம் இந்தக் கடையில் வேலை பார்த்தவர். கழுவுவது, தேங்காய் துருவுவது, மேசை துடைப்பது. வெளிநாட்டு ஆட்கள் அடுப்பில் நின்று சமைத்து விற்கக் கூடாது என்று இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். நாற்காலியில் சாய்ந்தபடி, கொஞ்ச நேரம் நீ ஊற்று என்று சுமியிடம் கரண்டியைக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கென்று சோதனைக்காரர்கள் தெருமுனையில் தெரிந்தார்கள். சுமி பயத்தில் தீயை அணைத்து, கழுவுகிற மாதிரி காட்ட, சூடான பெரிய சட்டியில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டார். டப்பென்று ஒரு சத்தம். சட்டி நடுவில் பிளந்தது. வந்தவர்கள் வேறு தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

"நான் சொல்லிட்டேன், தம்பி. கூட்டம் நிக்குது, எல்லாரும் கேக்குறாங்க. இது வெளங்காத கை, தொட்டது எதுவும் உருப்படாதுன்னு சொல்லிட்டேன்."

கொஞ்சம் தேநீர் குடித்தார்.

"அந்த மாசம்தான் ஊர்ல அவ கட்டிக்கிட்டிருந்த வீட்டுச் செவரு மழையில சாஞ்சிருக்கு. எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது. எனக்கு வாய் அப்படி."

சுமி மறுநாள் பக்கத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தேநீர் மட்டும் ஆள் மாற்றி ஆள் வழியாக வந்துகொண்டிருக்கிறது. இப்போது சுமியின் பெர்மிட் முடிகிறது. நோன்பு மாதத்துக்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை, ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்.

"போகட்டும். எனக்கென்ன," என்றார் அக்கா. தண்ணிக் கடைப் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

புதுச் சட்டியைப் பழக்க வேண்டும். பழக்காத சட்டியில் மாவு ஒட்டும். கஞ்சித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, கொட்டி, எண்ணெய் பூசி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினார். நாளையும் இதே. அதற்கடுத்த நாள் காலையில்தான் முதல் ஆப்பம். அதையும் யார் வேண்டுமானாலும் ஊற்றிவிட முடியாது. புதுச் சட்டியில் முதல் ஆப்பத்தைக் கைராசி உள்ளவர்தான் ஊற்ற வேண்டும். பாலா சாரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

பாலா சார் கடையின் பழைய வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற குமாஸ்தா. அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகள், மூன்றும் டாக்டர். கைராசிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர் என்னிடம் முதலில் கேட்டது இதுதான்:

"தம்பி, நீங்க இத என்னன்னு சொல்றீங்க?"

"ஆப்பம்."

"அதான் தப்பு. அப்பம். யாழ்ப்பாணத்துல அப்பம், பாலப்பம். நீட்டக் கூடாது."

"சார், எங்க ஊர்ல அப்பம்னா வெல்லம் போட்டு எண்ணெயில சுடுறது. பிள்ளையாருக்கு வைக்கிறது. இது ஆப்பம்."

"பிள்ளையாருக்கு வைக்கிறது மோதகம்."

"ரெண்டும் வைப்போம் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். வெள்ளைக்காரன் இதற்கு 'ஹாப்பர்' என்று பேர் வைத்து, குதிக்கிற பண்டம் ஆக்கிவிட்டான் என்றும், சிங்களத்தில் இது 'ஆப்ப' என்றும், அவர்கள் 'ம்'மை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். அப்புதல் என்றால் கையால் ஒட்டவைப்பது, அதிலிருந்து வந்த சொல் என்பது அவர் கட்சி. சமஸ்கிருதத்தில் அபூபம் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து வந்தது என்று முன்பு ரயிலில் ஒருவர் எனக்கு விளக்கியிருந்தார். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் தேநீர் ஆறிவிடும்.

எனக்கு இந்தச் சொல்லில் வேறு ஒரு பழைய குழப்பம் உண்டு. நான் படித்தது பாதிரியார்கள் நடத்திய விடுதியில். கோயிலில் அப்பம் கொடுப்பார்கள் என்று கூடப் படித்தவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் போய் நின்றேன். அப்பளத்தில் பாதி கனம்கூட இல்லாத ஒரு வெள்ளை வட்டத்தை முன்னால் நின்றவன் நாக்கில் வைத்தார்கள். என் முறை வந்ததும், நீ இன்னும் மதத்தில் சேரவில்லை என்று ஓரமாக அனுப்பிவிட்டார்கள். காலைச் சாப்பாடும் போயிற்று.

மறுநாள் காலை நானும் கடையில் நின்றேன். தங்கியிருந்தது ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில், ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கும் விடுதி. அங்கே பகலில் இருக்க முடியாது. மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். இங்கே மேசை துடைத்தால் சாப்பாடு கிடைத்தது.

கூட்டம் குறைந்த நேரத்தில் சுமி ஒரு தட்டோடு தண்ணிக் கடையிலிருந்து வெளியே வந்தார். தட்டில் சின்னச் சின்ன வாழையிலைப் பொட்டலங்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு ஒவ்வொன்று, அவருடைய முதலாளிக்கு ஒன்று, பாலா சாருக்கு ஒன்று. கடைசியாக எங்கள் கடைக்கு வந்து, நான்காவது அடுப்பின் டின் மூடிமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

பாலா சார் தன் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இதென்ன சுமி, இட்லிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு?"

"அப்பெம், சார்," என்றார் சுமி அங்கிருந்தே.

செல்வி அக்காவின் கரண்டி நின்றது.

"கேட்டியா தம்பி? அப்பமாம். என் கடை வாசல்ல, என் ஆளுங்களுக்கு, ஓசியில அப்பம் குடுக்குறா. சட்டி இல்லாம நான் மூணு அடுப்போட அல்லாடிக்கிட்டு இருக்கேன். போறப்பவும் ஒரு குத்து குத்திட்டுத்தான் போவா போல."

"பிரியத்துல குடுக்கிறாங்களோ என்னவோ, அக்கா."

"பிரியமாம். எனக்கு வேணாம். குப்பையில போடு."

சாப்பாட்டைக் குப்பையில் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பசியோடு சில ஊர்களில் இருந்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் போய்ப் பிரித்துச் சாப்பிட்டேன். கையகல வட்டம், தடிமன், தேங்காய்ப் பால் வாசனை, அடியில் லேசாகப் பிடித்த பொன்னிறம். ஏதோ புளித்த கிழங்கின் சாயல். நன்றாகவே இருந்தது. இலையை அக்கா நிற்கிற மேசையில் விட்டுவிட்டு மாவு வாளியைத் தூக்கப் போனேன். திரும்பி வந்தபோது டம்ளர் எடுக்க வந்த சுமி அந்தக் காலி இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்ததால் அது எனக்கு விநோதமாகத் தெரிந்தது.

பிற்பகல் ஜார்ஜ் டவுனில் சுற்றினேன். ஒரு சந்து முனையில் ஒரு சீனக் கிழவர் சின்னச் சட்டிகளில் இதே மாதிரி ஒன்றை ஊற்றி, நடுவில் வாழைப்பழமும் சோளமும் வைத்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். 'அப்போங்' என்றார். எங்கள் ஊரிலும் இது உண்டு என்றேன்.

"அப்படியா?" என்றார். "எங்கள் ஆட்கள் அங்கே வரைக்கும் போயிருக்கிறார்களா?"

இது சீனர்களின் ஹொக்கியன் மொழிச் சொல்தான், வேறு எங்கிருந்தும் வந்ததல்ல என்றார். தன் அப்பாவும் இதே சந்தில் இதைத்தான் விற்றாராம். நான் மறுக்கவில்லை. சூடாக இருந்தது. இரண்டு தின்றேன்.

பள்ளியில் படித்த முதல் கதையே இரண்டு பூனைகள் ஓர் அப்பத்துக்குச் சண்டை போட்ட கதைதான். பங்கு வைக்க வந்த குரங்கு எல்லாவற்றையும் தின்றுவிடும். இந்த ஊரில் குரங்கு வேலை எனக்கு வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு சரி என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

சாயங்காலம் பள்ளிவாசல் அருகே நாசி கண்டார் கடையில் உட்கார இடமில்லை. சோறும், நாலைந்து குழம்பைக் கலந்து மேலே ஊற்றிய ஆட்டுக்கறியுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபோது, ஒருவர் தன் மேசையில் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவராம். எங்கிருந்து, என்ன வேலை என்று கேட்டார். சட்டிக் கதையைச் சொன்னேன். சுங்க அதிகாரியின் மாமியாருக்குச் சிரித்தவர், சுமியின் இலைப் பொட்டலத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"அவள் ஜாவாக்காரியா?"

"ஆமாம்."

"என் அப்பாவும் ஜாவாதான். நோன்பு மாதத்துக்கு முன்னால் நாங்கள் அப்பெம் சுட்டு அக்கம்பக்கம் கொடுப்போம். அரபியில் மன்னிப்புக்கு 'அஃப்வன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதுதான் எங்கள் வாயில் தேய்ந்து அப்பெம் ஆயிற்று என்று அப்பா சொல்வார். வாயால் ஒன்றும் கேட்பதில்லை. கொடுப்பவர் கொடுப்பார். வாங்கிச் சாப்பிட்டால் முடிந்தது. யாரோடு சண்டையோ அவருக்கென்று சுட்டதுதான் முக்கியம். மற்றதெல்லாம் கூடப் போவது."

"சாப்பிடாவிட்டால்?"

"நோன்பு முழுக்க அந்த நினைப்போடு இருக்க வேண்டும். இவள் வேறு ஒரேயடியாகப் போகிறாள் என்கிறாய்."

நான் கறியைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன். "வேறு யாராவது சாப்பிட்டுவிட்டால்?"

"யார்?"

"நான்."

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். பிறகு மேசை ஆடும்படி சிரித்தார். "அப்படியென்றால் நீ அவளை மன்னித்துவிட்டாய். நல்ல காரியம்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்ற, அது அரபிச் சொல் இல்லை, எங்கள் ஊர்ச் சொல் என்றேன்.

"இருக்கட்டும். உங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள்?"

"பொருள் என்ன. ஆப்பம்தான். சாப்பிடுவது."

"பார்த்தாயா," என்றார் அவர், என் தட்டில் இன்னொரு துண்டுக் கறியை எடுத்து வைத்தபடி. "எங்கள் ஊரில் பொருள் உண்டு."

காலையில் முதல் பேருந்தைப் பிடித்தேன். அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். பேருந்து வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார், தொலைபேசியில் பேசினார், பிறகு எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கடையில் வரிசை நின்றது. நான்காவது அடுப்பில் டின் மூடி இல்லை. புதுச் சட்டி எண்ணெய் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது. பாலா சார் இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு, கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறக்குமுன் சுமி வந்தார். தண்ணிக் கடைக்குப் போகவில்லை. நேராக எங்கள் கடைக்குள் நுழைந்து, பின்னால் இருந்த சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு, வாளியில் கையை விட்டு டம்ளர் கழுவ ஆரம்பித்தார். நடுவில் ஏழெட்டு மாதம் என்று ஒன்று இல்லாததுபோல.

செல்வி அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இவ எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கான்னு கேளு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுமி தலையைத் தூக்காமல் சொன்னார்: "அக்கா அப்பெம் சாப்டாங்க. எல காலி. நான் பாத்தேன்."

"நானா?"

இனி தனியாகச் சொல்ல வழியில்லை. செல்வி அக்காவிடம் தமிழில் சொன்னால் அது சுமியிடம் சொன்னதும்தான். சுமியின் தமிழ் இந்தக் கடையில் கற்றது. சொன்னேன். குப்பையில் போடச் சொன்னது, நான் பின்னால் போய்த் தின்றது, துறைமுகக்காரர் சொன்னது, மன்னிப்பு, நோன்பு, எல்லாம். நீட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் பேசி முடித்தபோது சுமியின் கை வாளிக்குள்ளேயே இருந்தது.

"அரபியா?" என்றார் பாலா சார். "அப்பம் சுத்தத் தமிழ், இதுல போயி…"

"சார், கொஞ்சம் சும்மா இருங்க லா," என்றார் அக்கா.

வரிசையில் நின்ற ஒரு மாணவன் ஃபோனிலிருந்து கண்ணை எடுத்தான். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. சுமி எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"ஏய், நில்லு."

சுமி நின்றார்.

"இன்னும் இருக்கா?"

"இல்ல. எல்லாம் குடுத்தாச்சு."

"மன்னிப்புன்னா வாயத் தொறந்து கேக்கணும். மாவக் கரைச்சுச் சுட்டு எலையில மடிச்சுக் குடுத்தா எனக்கு என்ன தெரியும்? நான் உன்ன எத்தன தப்பா நெனச்சிட்டேன்."

"வாயால கேட்டா அக்கா பதில் பேசிருப்பீங்களா?"

அக்கா புதுச் சட்டியின் தீயைக் குறைத்தார். மாவைக் கலக்கினார். கலக்கின மாவையே மறுபடியும் கலக்கினார். பாலா சார் ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினார். அக்கா கரண்டியை அவருக்குக் கொடுக்காமல், அவரைத் தாண்டி நீட்டினார்.

"ஊத்து," என்றார் சுமியிடம்.

சுமி அசையவில்லை. "நானா? இது மொத ஆப்பம், அக்கா. என் கை…"

"உன் கைதான். ஊத்து."

"அடுப்புல நிக்கக் கூடாது. யாராச்சும் வந்தா?"

"விக்கிறதுக்கு இல்ல. எனக்கு."

பாலா சார் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சுமி வந்து அடுப்பின்முன் நின்றார். ஒரு கரண்டி மாவை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியை ஒரு சுற்று சுற்றினார். மாவு ஓரம்வரை ஏறி இறங்கியது. மூடி போட்டார். தண்ணிக் கடைச் சீனர்கூட ரேடியோவைக் குறைத்தார்.

மூடியைத் திறந்தபோது ஓரம் சிவந்திருந்தது. நடு ஒட்டிக்கொண்டது. சுமி தோசைக் கரண்டியை விட்டு மெல்ல மெல்ல நெம்பினார். ஆப்பம் மூன்று துண்டாகக் கிழிந்து வந்தது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. சட்டியையே பார்த்தபடி நின்றார்.

செல்வி அக்கா கிழிந்ததை அப்படியே உள்ளங்கையில் வாங்கி, நின்றுகொண்டே, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டார். முதல் துண்டை மென்று முடித்ததும் சொன்னார்:

"உப்பே இல்ல."

"மாவு அக்கா கரைச்சது," என்றார் சுமி.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா மிச்ச இரண்டு துண்டையும் சாப்பிட்டார். விரலில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. பிறகு ஒரு சிட்டிகை உப்பை மாவில் போட்டுக் கலக்கி, "ம்," என்றார்.

இரண்டாவதும் ஓரத்தில் கொஞ்சம் பிடித்தது. அதைப் பாலா சார் வாங்கிக்கொண்டு, இது அப்பம்தான், ஆப்பம் இல்லை என்று தன் தட்டுக்கே சொல்லிக்கொண்டார். மூன்றாவது சட்டியை விட்டு வட்டமாக, ஒரு கிண்ணம்போல், தானாக எழும்பி வந்தது. பாதி வழி நடந்தே வந்திருந்தேன், வயிறு காலி. தட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

செல்வி அக்கா அதைச் சுமியின் தட்டில் போட்டார்.

"உனக்கு எதுக்கு?" என்றார் என்னிடம். "நீதான் நேத்தே தின்னுட்டியே."